விளிம்பில் பதினொரு விநாடி

முள்ளை இறக்கியாச்சு. இனி பத்தொன்பது நிமிஷம் இந்த அறையில் எதுவும் அசையக் கூடாது, நான் உட்பட. ஃபேனை நிறுத்தியாச்சு, ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தியாச்சு, காலிங் பெல் ஒயரைக் காலையிலேயே பிடுங்கிவிட்டேன், ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடு என்று மேபலிடம் சொன்னதற்கு, "பால் திரிஞ்சா அதையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அணைத்தாள். கட்டினவள், நாற்பது வருஷமாக வாய் குறையவில்லை. மே மாதம், பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு நுனிவரை வந்து நிற்கிறது, துடைத்தால் நாற்காலி கிறீச்சிடும், அதனால் நிற்கட்டும். திரையில் பச்சைக் கோடு இரண்டும் எழும்பி எழும்பி விழுகின்றன, ஒலி அளவு மைனஸ் ஆறைத் தாண்டவில்லை, நல்லது. கடப்பைக் கல்லின் மேல் தட்டு சுற்றுகிறது. எழுபத்தொன்றில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ராக் தட்டு, நாலு பேர், நாலு பேருக்கும் தோள்வரை முடி, அட்டையில் ஒருத்தன் மட்டும் சிரிக்கிறான். பியூலா கொண்டு வந்து கொடுத்த முப்பத்தோரு தட்டில் இதுதான் கடைசி, அதிலும் இது இரண்டாம் பக்கம். இது முடியும்போது மணி பதினொன்று ஆகும். பதினொரு மணிக்குப் பியூலா வருகிறாள். வந்தால் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்பது மேபலின் தீர்ப்பு, நான் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை, பத்தொன்பது நிமிஷம் இருக்கிறது, பதினெட்டே முக்கால்.

டிரம்ஸ்காரன் நன்றாக வந்திருக்கிறான். இந்த மாதிரி எடுத்தால்தான் டிரம்ஸ் தோல் தோலாகக் கேட்கும், ஊரில் பாதிப் பேர் சூட்கேஸ் மாதிரி இருக்கிற அந்தப் பொம்மை பிளேயரில் போட்டு, அதன் வாயில் ஒரு ஒயரைச் சொருகி, எம்பித்ரீயாக நசுக்கி வைத்துக்கொண்டு, தட்டின் ஒலியே தனி சார் என்கிறார்கள். ஒலியாம் ஒலி. எங்கள் வாட்ஸாப் குழுவில், தட்டுப் பைத்தியங்கள் நூற்றுப் பத்துப் பேர் இருக்கிற குழுவில், எனக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர், தெரியும், என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, இருந்தது. முள்ளின் எடை எவ்வளவு, கோணம் எவ்வளவு, ஒரு தட்டைக் கழுவ எந்தத் தண்ணீர், எந்தத் துணி, எத்தனை சொட்டு ஸ்பிரிட், எல்லாம் நான் எழுதிப் போட்டது. சொறசொறப்பை மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள், அது டிரம்ஸின் நுனியையும் சேர்த்துச் சீவிவிடும், ஒவ்வொரு டிக் சத்தத்தையும் கையால் எடுங்கள் என்று எழுதியதும் நான்தான், ஒரு பக்கத்துக்கு எழுநூறு டிக் எடுத்திருக்கிறேன், ஒவ்வொன்றாக, கீரையில் மண் பார்க்கிற மாதிரி. போன வருஷம் ஜூலையில் நானே எழுதினேன், எட்டாம் விதி, எண்கூட ஞாபகம் இருக்கிறது சனியன்: அச்சடித்த தட்டு வேறு, ஸ்டுடியோவில் நேராக வெட்டிக் கொடுக்கிற தட்டு வேறு, அது பிளாஸ்டிக் இல்லை, அலுமினியத் தகட்டின் மேல் பூசின அரக்குச் சாயம், அதன் மேல் ஸ்பிரிட் பட்டால் முடிந்தது கதை, முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள். இருபத்திரண்டு பேர் கைகூப்பிப் போட்டிருந்தார்கள். அதில் நான் கைகூப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பாட்டு முடிகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த மௌனம், இதற்குத்தான் இவ்வளவு பாடுபடுவது, இந்த மூன்று விநாடி மௌனம் சுத்தமாக இருந்தால் தட்டு சுத்தம் என்று அர்த்தம். சுத்தம். நான் துடைத்ததல்லவா, சுத்தமாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் பன்னிரண்டு தட்டை வரிசையாக வைத்துக்கொண்டேன், ஈரத் துணி, உலர் துணி, நிழலில் ஸ்டாண்டு, அடுத்தது, ஈரத் துணி, உலர் துணி, கை தானாகப் போகிறது, வாயில் ஒரு பாட்டு வேறு, எனக்கே என் மேல் ஒரு பிரியம் வந்திருந்தது அன்றைக்கு. ஒன்பதாவது தட்டு அட்டை இல்லாமல், பழுப்புக் காகித உறையில். நடுவில் எழுத்தில்லாத வெள்ளை லேபிள். எடுத்தேன், கனமாக இருந்தது. ஆகா, என்ன கனம், பழைய காலத்துத் தடிமன் அச்சு, மாதிரித் தட்டாக இருக்கும், கம்பெனிக்காரன் முதலில் அடித்துப் பார்த்தது, கிடைக்காத பொருள் என்று மனசு துள்ளியது. கனமாக இருந்தால் நல்லது என்று பழகின புத்தி. கனத்துக்குக் காரணம் உள்ளே அலுமினியம் என்று அந்தப் புத்திக்குத் தோன்றவில்லை. லேபிள் பக்கத்தில் இன்னொரு சின்ன ஓட்டை இருந்தது, ஸ்டுடியோவில் வெட்டின தட்டுக்குத்தான் அது இருக்கும், அதையும் பார்த்தேன், பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கண் பார்த்தது. மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்திருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்குக் கோபம், யார் இப்படிப் பூஞ்சை பிடிக்க விட்டார்கள் என்று. அழுத்தித் துடைத்தேன். துணியில் கருப்பு வந்தது. சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கருப்பு வர வர நான் சந்தோஷப்பட்டேன், பார்த்தாயா எவ்வளவு அழுக்கு என்று மேபலைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் வந்து பார்த்து, "யப்பா, அம்பது வருஷ அழுக்கு" என்றாள். அது பியூலாவின் அண்ணன் ரூபன். துணியில் இருந்தது ரூபன். அரக்கு கரைகிற நெய்ல் பாலிஷ் வாசனை அப்போதுதான் மூக்குக்கு ஏறியது.

பத்து நாற்பத்தெட்டு லோக்கல் ரயில் வருகிறது. பெரம்பூரில் இருபத்தாறு வருஷம், ரயில் வருவது காதுக்கு முன்னால் என் பாதத்துக்குத் தெரியும். போகட்டும், போகட்டும், கல் தாங்கும், கல்லுக்கடியில் டென்னிஸ் பந்து பாதி பாதியாக வெட்டி வைத்திருக்கிறேன், திரையில் ஒன்றும் தெரியவில்லை, போய்விட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறவன் நான். ரயிலுக்கு ஏற்பாடு, மிக்ஸிக்கு ஏற்பாடு, மேல் வீட்டில் நாற்காலி இழுத்தால் அதற்கு ஒரு ஏற்பாடு. ஒருத்தர் சொல்வதைக் காதில் வாங்க மட்டும் ஏற்பாடு இல்லை. பியூலா சொன்னாள் ஐயா. சொல்லாமல் இருந்தால் எனக்கு ஒரு மூச்சுவிட இடமிருக்கும். போன மாதம் ஆட்டோவில் இரண்டு வயர்க்கூடையில் தட்டை அடுக்கிக்கொண்டு பியூலா வந்தாள், சர்ச்சில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், கோயமுத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறாளாம், வீட்டைக் காலி பண்ணுகிறாள், அண்ணன் சேர்த்து வைத்த தட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டாள். யார் அண்ணன் என்றேன். ரூபன் என்றாள். எந்த ரூபன், காலேஜில் பாடுவானே அந்த ரூபனா என்றேன், அவள் முகம் அப்படி மலர்ந்தது. "உங்களுக்கு அவன ஞாபகம் இருக்காண்ணே?" மறக்க முடியுமா என்று சொல்லிக்கொண்டே நான் கூடைக்குள் கையை விட்டுவிட்டேன், ஏனென்றால் மேலேயே ஒரு தட்டின் முதுகு தெரிந்தது, முதல் அச்சா இரண்டாம் அச்சா என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் சொன்னாள். "இதுல அண்ணன் பாடுனது ஒன்னு இருக்கு, அது ஒன்னுதான் இருக்கு, அத மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே." நான் ம் ம் என்றேன். இரண்டாம் அச்சுதான், லேபிளில் முதல் அச்சுக்கு இருக்கிற கோடு இல்லை. ம் ம். அந்த ம் ம் செவ்வாய்க்கிழமை மதியம்தான் என் காதில் விழுந்தது, ஒரு மாதம் கழித்து.

எழுபத்தாறில் ரூபன் செத்தான். மஞ்சள் காமாலை. இருபத்து மூன்று வயசு. நான் காலேஜில் அவனுக்கு இரண்டு வருஷம் ஜூனியர், நண்பன் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அவனுடைய குழுவுக்கு மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் தூக்கினவன், ஒயர் முறுக்கினவன். எலக்ட்ரிக் கிட்டார் அன்றைக்கு மெட்ராஸில் எத்தனை பேர் கையில் இருந்திருக்கும், விரல் விட்டு எண்ணலாம், அவனுடையது யாரோ கப்பல்காரனிடம் வாங்கினது, கழுத்தில் ஒரு விரிசல், ஃபெவிகால் போட்டு ஒட்டியிருப்பான். அவனே எழுதின பாட்டு ஒன்றை ஆண்டுவிழாவில் பாடினான். அதைத்தான் பிறகு ஒரு ஸ்டுடியோவில் போய் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஒரே ஒரு தட்டு, யாரிடமாவது போட்டுக் காட்டிச் சினிமாவிலோ எங்கேயோ நுழையலாம் என்று. டிரம்ஸ் அடித்தவன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், புதன்கிழமை எப்படியோ நம்பர் பிடித்துக் கேட்டேன், "பாட்டா? ரூபன் எழுதுனதா? சுத்தமா ஞாபகமில்ல மச்சான், எப்டி இருக்க நீ?" என்றான். பாஸ் கிட்டார் அடித்தவன் கொரோனாவில் போய்விட்டான். ஆக மிச்சம் நான். நான் அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில், ரூபனுக்கு ஆறடி தள்ளி நின்றேன். நாலு நிமிஷம் அந்தப் பாட்டைப் பக்கத்தில் நின்று கேட்டவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம், அப்படியென்றால் கொடு, எடுத்துக் கொடு, அவள் அண்ணன் பாட்டை உன் மண்டையிலிருந்து எடுத்துக் கொடு பார்க்கலாம். மூன்று நாளாக முயற்சி பண்ணுகிறேன். கண்ணை மூடினால் மேடை வருகிறது, சீரியல் பல்பு வருகிறது, ரூபனின் கட்டம் போட்ட சட்டை, காலர் பெரியது, வியர்வை, எல்லாம் வருகிறது. காதில் வருவது ம்ம்ம்ம் என்ற இரைச்சல். எர்த் சரியில்லாமல் ஸ்பீக்கரில் ஒரு கரண்ட் இரைச்சல் வந்துகொண்டிருந்தது, நான் நாலு நிமிஷமும் ஒரு ஒயரை எடுத்துத் தண்ணீர்க்குழாயில் சுற்றுவதும், அவிழ்த்து இன்னொரு இடத்தில் சுற்றுவதுமாக இருந்தேன். இரைச்சலின் சுருதியை இப்போதுகூடப் பிசகாமல் முனகிக் காட்டுவேன். பாட்டு முடிந்ததும் ரூபன் கீழே இறங்கி, "எப்டிடா இருந்துச்சு?" என்று கேட்டான். "கடைசில இரைச்சல் கொறஞ்சிருச்சுண்ணே" என்றேன். அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று எனக்கு ஐம்பது வருஷமாகத் தோன்றவே இல்லை, இந்த வாரம் தோன்றுகிறது.

இரண்டாம் பாட்டில் ஒரு கீறல் இருக்கிறது, தெரியும், இதோ வரும், டக், வந்துவிட்டது, ஒன்று, டக், இரண்டு, பதினாலு டக், எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். இதைக் கீறினவன் ரூபனாகத்தான் இருக்க வேண்டும், இந்த இடத்தில்தான் கிட்டார் ஒற்றையாகப் பேசுகிறது, கற்றுக்கொள்வதற்காக முள்ளைத் தூக்கித் தூக்கி இங்கேயே வைத்திருப்பான். பாவி, தட்டை இப்படியா கையாளுவார்கள் என்று வழக்கமாகத் திட்டியிருப்பேன். இன்றைக்கு வாய் வரவில்லை. பதினாலையும் எடுக்கவா விடவா என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன், இது எந்த விதியில் வரும் ஹெட்மாஸ்டரே? எடுக்காமல் விட்டால் என்ன தவறு? தவறு என்று என்னைத் தவிர யார் சொன்னது? பியூலா வீட்டில் உட்கார்ந்து கேட்டிருப்பாள் அவன் திரும்பத் திரும்பத் தடவுவதை, பக்கத்து அறையில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது. விடலாம். விட்டுவிடுகிறேன். பெரிய தருமம் பண்ணுகிற மாதிரி யோசிக்கிறேன் பாருங்கள், பாட்டையே கரைத்துக் குடித்துவிட்டுக் கீறலைத் தானம் பண்ணுகிறேனாம்.

முழுக்கப் போகவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. எனக்கு ஒரு பழக்கம், விளிம்பில் ஒரு அரிசி அகலத்தை விட்டுவிட்டுத்தான் துடைப்பேன், விளிம்பை அப்புறமாகத் தனி பிரஷ்ஷில், ஏனென்றால் கைபடும் இடம் அதுதான், எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் இருக்கும். அந்த அரிசி அகலம் நின்றது. முள் வெளியிலிருந்து உள்ளே போகிறது என்பதால் பாட்டின் ஆரம்பம் அங்கே இருக்கிறது. பதினொரு விநாடி. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் வேறு வேலை பார்க்கவில்லை, இருக்கிற மூன்று முள்ளையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தேன், அந்தப் பதினொரு விநாடி இவ்வளவு சுத்தமாக, ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி வந்திருக்கிறது. ஒரு நாற்காலி நகர்கிறது. ஒருத்தன் இருமுகிறான். ரூபன், "டேய், கதவச் சாத்துடா" என்கிறான், ரூபன் குரல்தான், கொஞ்சம் மூக்கால் பேசுவான். ஒன் டூ த்ரீ ஃபோர். கிட்டார் இரண்டு தட்டுத் தட்டுகிறது. பிறகு ரூபன் மூச்சை இழுக்கிறான். பாடுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு, நீளமாக, நன்றாகக் கேட்கிறது. அதோடு சரி. அதற்கப்புறம் அடுப்பில் கடுகு வெடித்த மாதிரி நாலு நிமிஷம், அதற்குள் குரல் எங்கேயாவது கிடக்குமா என்று எந்தெந்த மென்பொருளோ போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, இல்லாததை எங்கிருந்து எடுக்க? வேறு யாருடைய தட்டாக இருந்தாலும் அந்தப் பதினொரு விநாடியை நானே வெட்டி எறிந்திருப்பேன், பாட்டு ஆரம்பிப்பதற்கு முந்தின குப்பை என்று.

பூஞ்சை என்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே பாதி சொல்லியாச்சு. நேற்று அவளே போன் பண்ணினாள், எல்லாம் ஆச்சாண்ணே என்று, ஆயிட்டிருக்கும்மா, அந்த ஒண்ணு மட்டும் கொஞ்சம் மோசமா இருக்கு என்றேன். இருக்கு. அது தானாக மோசமாக இருக்கிற மாதிரி. அவள் உடனே, "பரவால்லண்ணே, அம்பது வருஷம் ஆச்சு, மெட்ராஸ் வெயில்ல எது தாங்கும், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். நான் பொய்க்குக் கதவைத் திறப்பதற்குள் அவளே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேபல் நிற்கிறாள், கையில் அந்தத் துணி. குப்பைக்கூடையிலிருந்து எடுத்திருக்கிறாள். "இத நீங்க என்கிட்டதான காட்டுனீங்க, எவ்வளவு அழுக்குன்னு." துணியை என் மேஜை மேல் வைத்தாள். "நாளைக்கு அந்தப் பொண்ணு வந்தா நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லும்படியா வைக்காதீங்க." அறுபத்தாறு வயசுப் பியூலா இவளுக்குப் பொண்ணு. சொல்லி என்ன ஆகப் போகிறது மேபல், போனது வரவா போகிறது, சொன்னால் எனக்கு வேண்டுமானால் மனசு லேசாகும், அவளுக்கு? பூஞ்சை என்றால் அவள் யாரையும் வெறுக்க வேண்டாம், வெயிலை வெறுத்துவிட்டுக் கோயமுத்தூர் போவாள். இது அவளுக்காக நான் சொல்கிற பொய், எனக்காக இல்லை. எனக்காகத்தான். வாட்ஸாப் குழுவில் நூற்றுப் பத்துப் பேர், ஹெட்மாஸ்டர் எட்டாம் விதியில் ஃபெயில் என்று யாராவது போடுவான், அது என் கண்ணுக்கு முன்னால் வருகிறது, அவள் முகம் வருவதற்கு முன்னால் அது வருகிறது, நான் என்ன பிறவி?

ஒன்றே ஒன்றைத்தான் மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். அவள் அதை எத்தனை தடவை கேட்டிருப்பாள். செத்துப்போன அண்ணன் பாட்டு, வீட்டிலேயே இருக்கிறது, ஐம்பது வருஷம், பிறந்தநாளுக்கு ஒரு தடவை, செத்த நாளுக்கு ஒரு தடவை, கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை என்று வைத்தாலே நூற்றைம்பது தடவை. அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். தட்டு போனால் என்ன, பாட்டு அவளிடம் இருக்கிறது, நான் அழித்தது பூச்சைத்தான், பாட்டை இல்லை. வேண்டுமானால் அவளையே பாடச் சொல்லிக்கூட எடுத்துக் கொடுக்கலாம், என்னிடம் மைக் இருக்கிறது, அண்ணன் மூச்சு இழுத்ததும் தங்கை பாடுகிற மாதிரி, சீ, என்ன யோசனை இது. ஆனால் இருக்கிறது அவளிடம். இருந்தாக வேண்டும். அது இருந்தால் நான் சொல்லிவிடலாம், சொன்னாலும் அவ்வளவு பெரிய குற்றம் இல்லை, கை தவறிப் பாத்திரம் உடைந்தது போல, வருத்தப்பட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போவாள்.

கதவுக்கு அடியில் நிழல். இரண்டு ஜோடிக் கால். மேபல் குசுகுசுவென்று, "ரெக்கார்டு ஓடுது, முடிஞ்சதும் வருவாரு, உக்காருங்க" என்பது கேட்கிறது, இது பதிவில் ஏறியிருக்கும், மைனஸ் ஐம்பதில் ஒரு சின்ன மேடு. பியூலா முன்னாலேயே வந்துவிட்டாள். பத்து ஐம்பத்து நாலு. கடைசிப் பாட்டு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, ஆறு நிமிஷப் பாட்டு, அதில் இரண்டு நிமிஷம் வெறும் ஆர்கன். ஆறு நிமிஷம் எனக்கு உரிமையுள்ள ஆறு நிமிஷம், யாரும் கேட்க முடியாது, ஓடுகிற தட்டை நடுவில் நிறுத்துகிற வழக்கம் என்னிடம் கிடையாது, என் அப்பா செத்த செய்தி வந்தபோதுகூடப் பக்கம் முடிந்துதான் எழுந்தேன், மேபல் இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். வெளியே அவள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிகிறது. யாரோ சத்தம் போடக்கூடாது என்று சொன்னதற்காக, ஒரு வயசான பொம்பிளை, படியேறி வந்த மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளுக்கு நல்லது செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்து. ஆர்கன் ஏறுகிறது. பச்சைக் கோடு ஏறுகிறது. முள்ளைத் தூக்கிவிட்டேன்.

அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. கதவைத் திறந்தேன். பியூலா நீலப் புடவை, மடியில் ஒரு டிபன்பாக்ஸ், எழுந்திருக்கப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சாண்ணே? கேக்கு செஞ்சு எடுத்தாந்தேன்." உட்காரும்மா என்றேன். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். "அந்தத் தட்டு பூஞ்சையால போகல பியூலா. நான் அழிச்சுட்டேன். கழுவுற தண்ணி அதுக்கு ஆகாது, எனக்குத் தெரியும், தெரிஞ்சும் பாக்காம தொடைச்சுட்டேன். நீ அன்னிக்குச் சொன்னத நான் காதுல வாங்கல." மேபல் அவள் தோளைத் தொட்டாள். பியூலாவுக்கு முதலில் புரியவில்லை. "தொடைச்சா போயிடுமா?" என்றாள், குழந்தை கேட்கிற மாதிரி. போயிடும் என்றேன். "எல்லாமேவா?" முதல்ல ஒரு பதினோரு செகண்டு இருக்கு என்றேன், பாட்டு இல்ல, பாட்டுக்கு முன்னாடி. அவள் டிபன்பாக்ஸை ஸ்டூலின் மேல் வைத்தாள், மூடியைச் சரிபார்த்தாள், மறுபடியும் சரிபார்த்தாள். நான் மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டிருந்ததை அவசரமாக நீட்டினேன், "நீ எத்தன தடவ கேட்டிருப்ப, உனக்கு மனப்பாடமா இருக்குமே" என்று.

"நான் கேட்டதே இல்லண்ணே" என்றாள் பியூலா. அழவில்லை, விளக்கம் சொல்கிற குரல்தான். "அது அச்சுத் தட்டு இல்லயாம், போடப் போடத் தேஞ்சிடுமாம், அண்ணன் சொல்லித்தான் குடுத்தான். கிறிஸ்மஸ் அன்னிக்கு எல்லாரும் இருக்கறப்ப ஒரு தடவ போடலாம்னு சொன்னான். அதுக்குள்ள படுத்துட்டான். அப்புறம் அம்மா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. அம்மா போனதுக்கப்புறம் நான் போட்டிருக்கலாம். ஆனா சும்மா ஏதோ ஒரு பிளேயர்ல போட்டுத் தேய்ச்சிடக் கூடாது, ஒரே தடவ, நல்லா எடுக்கத் தெரிஞ்சவங்க கைல குடுத்து, நல்லா கேக்கணும்னு வச்சிருந்தேன். உங்களப் பத்திச் சொன்னாங்க." காதுக்குள் இரைச்சல், ஐம்பது வருஷத்து அதே இரைச்சல், மன்னிச்சிடு என்று சொன்னேனா நினைத்தேனா, மேபல்தான் அவளைக் கைப்பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். "அந்தப் பதினோரு செகண்டப் போடுங்கண்ணே" என்றாள்.

என் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஹெட்போனை நானே அவள் காதில் வைத்தேன், நரைமுடியை ஒதுக்கி, இரண்டு பக்கமும் சரியாக. பட்டனைத் தட்டினேன். அவளுக்கு மட்டும்தான் கேட்கும், ஆனால் எனக்குக் கோட்டைப் பார்த்தாலே தெரியும், இது நாற்காலி, இது இருமல். இது கதவைச் சாத்தச் சொல்கிறான். அந்த இடத்தில் அவள் உதடு பிரிந்தது, கை தானாக எழுந்து ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒன் டூ த்ரீ ஃபோர், கிட்டார், இரண்டு தட்டு. மூச்சு. அவன் இழுக்கும்போது அவளும் இழுத்தாள், நெஞ்சு உயர்ந்தது, புடவைத் தலைப்பு உயர்ந்தது. கோடு நின்றுவிட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை, கண்ணையும் திறக்கவில்லை, இழுத்த மூச்சை விடாமல் காத்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமோ. பிறகு, "அப்புறம்?" என்றாள்.